வசனம் எடுத்துக்கொடுத்தவர் நெறியாளரானால்

புதிதாக ஒருவர் நாடகம் இயக்குகிறார் என்று கேள்விப்பட்டால், இதற்கு முன் அவர் மேடைப் பக்கம் என்ன வேலை பார்த்தார் என்றுதான் முதலில் விசாரிப்பேன். பட்டம், பயிற்சிப் பட்டறைச் சான்றிதழ் எல்லாம் பிறகு.

அண்மையில் ஓர் இளம் நெறியாளரின் ஒத்திகைகளில் மூன்று வாரம் மூலையில் உட்கார்ந்திருந்தேன். இது அவருடைய இரண்டாவது நாடகம். பெயர் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். ஏழு ஆண்டுகள் திரைக்குப் பின்னால் இருந்தவர் அவர். முதலில் விளக்குகளை இயக்கினார். பிறகு பக்கத்திரை மறைவில் பிரதியும் கையுமாக நின்று, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுத்தார்.

அந்த இருட்டில் நின்று கற்றதாக அவர் ஒன்று சொன்னார். நடிகர் ஒருநாள் ஒரு வரியை மறந்தால் அது அவருடைய மறதி. அதே வரியைத் தினமும் மறந்தால், கோளாறு பெரும்பாலும் அந்த வரியில் இருக்கிறது. முந்தைய வரியிலிருந்து இதற்கு வருவதற்கு வழி இல்லை. மனம் அங்கே தடுக்கி விழுகிறது.

இதை அவர் ஒத்திகையில் பயன்படுத்துவதைக் கண்ணால் பார்த்தேன். அப்பாவாக நடித்த மூத்த நடிகர், கடிதம் படிக்கும் காட்சியில் ஐந்தாம் முறையாக அதே இடத்தில் நின்றுவிட்டார். முகம் சிறுத்துவிட்டது. வேறு பலராக இருந்தால், "வீட்டில் பாடம் பண்ணிக்கொண்டு வாருங்கள் ஐயா" என்றிருப்பார்கள். இவர், "இங்கே அந்த அப்பா உண்மையில் பேசுவாரா?" என்று கேட்டார். நடிகர் கொஞ்ச நேரம் யோசித்து, "பேச மாட்டார், கடிதத்தை மடிப்பார்" என்றார். மடித்தார். எழுதியவரும் அங்கேதான் இருந்தார். முணுமுணுத்துக்கொண்டே வரியை அடித்தார். நாடகத்தின் சிறந்த அரை நிமிடம் இப்போது அதுதான். அதை யார் படைத்தது என்று கேட்டால் மூவரும் மற்ற இருவரைக் கைகாட்டுகிறார்கள்.

நாடகத்தின் வயது இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல். நெறியாளர் என்ற தனி ஆள் வந்து நூற்றைம்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முன் எழுதியவரோ மூத்த நடிகரோ குழுவை நடத்தினார்கள். நவீன நெறியாளர்களில் முதல்வர் என்று பல வரலாறுகள் சுட்டுவது, ஜெர்மனியில் சாக்ஸ-மைனிங்கன் என்ற சிற்றரசை ஆண்ட கோமகன் இரண்டாம் கேயோர்கை. இந்தப் பதவியோடு அரச குணமும் ஒட்டிக்கொண்டது இந்தப் பிறப்புத் தொடர்பினால்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அந்தக் கோமகனின் நாடகக் குழு 1890இல் மாஸ்கோ வந்தபோது, பின்னாளில் ரஷ்யாவின் பெரும் நெறியாளரான இளம் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி மயங்கிப்போனார். ஒத்திகையை மணியடித்துத் தொடங்கிக் குழுவை இரும்புக் கட்டுப்பாட்டில் வைத்திருந்த, கோமகனுக்காக ஒத்திகைகளை நடத்திய குரோனெக் என்பவரைப் பார்த்துத் தானும் ஒரு சர்வாதிகாரி ஆனதாகப் பின்னாளில் அவரே வருந்தி எழுதினார். 1898இல் ரஷ்ய எழுத்தாளர் செகாவின் 'கடற்பறவை' நாடகத்துக்கு, நடிகர்களை விட்டு எங்கோ தொலைவில் உட்கார்ந்து, ஒவ்வொரு நகர்வையும் முன்கூட்டியே எழுதி அனுப்பியவர் அவர். நாடகம் பெரும் வெற்றி பெற்றது, அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அதே மனிதர் 1930களில், வசனத்தை மனப்பாடம் செய்வதற்கு முன்பே நடிகர்கள் தங்கள் உடலாலும் செயலாலும் காட்சியைத் தேடிக் கண்டடையட்டும் என்று சொல்லும் இடத்துக்கு வந்திருந்தார். அதற்கு அவருக்கு ஓர் ஆயுள் தேவைப்பட்டது.

நம் நாட்டு நெறியாளர் ஹபீப் தன்வீரும் இந்த இடத்துக்குச் சும்மா வந்து சேரவில்லை. லண்டனில் நாடகம் படித்துத் திரும்பி, 1958இல் சத்தீஸ்கர் கிராமியக் கலைஞர்களைத் தன் நாடகத்தில் சேர்த்தார். அடுத்த ஆண்டே 'நயா தியேட்டர்' என்ற குழுவைத் தொடங்கினார். பார்வையாளர் எந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பக்கம் திரும்பி ஆடிப் பழகியவர்களை, இத்தனை அடி வைத்து இந்த இடத்தில் நில் என்றார். அவர்கள் மொழி சத்தீஸ்கரியாக இருக்க, இந்தியில் பேசச் சொன்னார். தவறு தன்னுடையது என்று உணர்ந்து 1970களின் தொடக்கத்தில் அவர்கள் மொழியையும் ஆட்டத்தையும் அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தார். 1975இல் அவருடைய மிகப் புகழ்பெற்ற நாடகமான 'சரண்தாஸ் சோர்' வந்தது.

பெரிய மேதைகளுக்கே பத்து, முப்பது ஆண்டுகள் பிடித்த ஒன்று, வசனம் எடுத்துக்கொடுத்த ஒருவருக்கு இரண்டாவது நாடகத்திலேயே கைவருகிறது என்றால், கற்ற இடத்தின் பலன் என்றுதான் நினைக்கிறேன். அவரை மேதைகளுக்குப் பக்கத்தில் உட்காரவைக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

'கூட்டுப் படைப்பு' என்ற சொல்லின் மீது எனக்குக் கோபமும் உண்டு. வீட்டுப்பாடம் செய்யாமல் வந்து, "நீங்களே ஏதாவது செய்யுங்கள், பார்க்கலாம்" என்று நாற்காலியில் சாய்பவர்களும் இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். எல்லாரிடமும் யோசனை வாங்கிக்கொண்டு, சுவரொட்டியில் தன் பெயரை மட்டும் போட்டு, ஊதியம் என்று வரும்போது "இது நம் குடும்பம்" என்பவர்களிடம் நானே ஏமாந்திருக்கிறேன். பிரான்சில் 1964இல் தொடங்கிய 'தேயாத்ர் துயு சோலெய்' குழு, நடிகரோ தச்சரோ நெறியாளர் அரியான் முனூஷ்கினோ, எல்லாருக்கும் சம ஊதியம் என்ற விதியோடு பல பத்தாண்டுகள் இயங்கியிருக்கிறது. சேர்ந்து செய்கிறோம் என்பவர்களிடம் நான் இப்போதெல்லாம் கணக்கு நோட்டைத்தான் கேட்கிறேன்.

இந்த இளம் நெறியாளர் முன்தயாரிப்பில் குறை வைப்பதில்லை. எல்லாருக்கும் முன்னால் வருகிறார். பிரதியின் ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள். மறுக்கவும் தெரிகிறது. இசைக்கலைஞர் இறுதிக் காட்சிக்கு ஒரு தாளம் கொண்டுவந்தார். எல்லாருக்கும் பிடித்திருந்தது, எனக்கும்தான். மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார். "தாளம் அழுகிறது, அதனால் பார்வையாளர் அழ மாட்டார்கள்" என்றார். இசைக்கலைஞர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்த இடத்தில் ஒரே ஒரு தட்டு மட்டும் வைத்துக்காட்டினார். அது நாடகத்தில் இருக்கிறது.

பெயர் விஷயம். நிகழ்ச்சித் துண்டறிக்கையில் திரை இழுப்பவர் உட்பட பதினான்கு பேரின் பெயர்களையும் அகர வரிசையில், ஒரே அளவு எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். இவர் பெயர் பதினொன்றாவது. முதல் விமர்சனம் வெளிவந்தது. எழுதியவர் அந்தப் பதினொன்றாவது பெயரைத் தேடிப் பிடித்து, அதை மட்டும் ஒன்பது முறை குறிப்பிட்டிருந்தார். கடிதத்தை மடித்த அந்த அரை நிமிடம், 'நெறியாளரின் அபாரமான கற்பனை' ஆகியிருந்தது. மூத்த நடிகர் அதைச் சத்தமாகப் படித்துச் சிரித்தார். நெறியாளருக்குச் சிரிப்பு வரவில்லை.