ரேகை விழாத கைக்கு ஒரு மனு

இரண்டு வருடமாக ஒரு கதைகூட எழுதவில்லை. கேட்டவர்களிடம் நேரமில்லை என்று சொன்னேன். பொய். நேரமெல்லாம் நிறையவே இருந்தது. முதல் பத்தியை எழுதுவேன், அழிப்பேன், மறுபடி எழுதுவேன். லேப்டாப்பில் 'புதிய கதை' என்ற பெயரில் பதினான்கு கோப்புகள். பலவற்றில் நாலு வரி, இரண்டில் அதுவும் இல்லை.

இதைவிட அசிங்கமான ஒன்றும் உண்டு. நண்பர்களின் புத்தக அட்டை முகநூலில் வந்தால் விரல் தானாகத் தள்ளிவிட்டுப் போய்விடும். லைக் போடக்கூட மனசு வராது. புதிதாக எழுத வந்த ஒரு தம்பி கதை அனுப்பியிருந்தான். 'படித்தேன், நன்று' என்று பதில் போட்டேன். திறந்துகூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் ஒருநாள் பக்கத்து வீட்டு ஆச்சி வந்தார். "எய்யா, நீ பத்திரிகைல எழுதுதியாம்லா? எனக்கு ஒரு மனு எழுதித் தாயேன்."

முதியோர் உதவித்தொகை, மாதம் 1200 ரூபாய். நாலு மாதமாகக் கைக்கு வரவில்லை. மெஷினில் விரல் வைத்தால் ரேகை விழமாட்டேன் என்கிறது. எப்படி விழும்? நாற்பது வருடத்துக்கு மேல் பீடி சுற்றிய கை. மடியில் சொளகு, இலையை வெட்டி, தூளை வைத்து உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றிக் கட்டினால் ஒரு பீடி. நல்ல நாளில் ஆயிரம் சுற்றுவாராம். அந்த விரல்களை அன்றைக்குத்தான் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் கோடு என்று ஒன்றுமே இல்லை, தேய்ந்த காசு மாதிரி இருந்தது.

நான் எழுத்தாளன் அல்லவா, 'வறுமையின் கோரப்பிடியில் சிக்கித் தவிக்கும் நான்' என்று ஆரம்பித்து வாசித்தும் காட்டினேன்.

"நான் எங்கய்யா தவிச்சேன்? ரேகை விழல, பணம் தர மாட்டேங்கான். அத எழுது."

எழுதினேன். பெறுநர், பொருள், எந்த மாதத்திலிருந்து வரவில்லை, எந்த விரல்களில் ரேகை இல்லை, ஏன் இல்லை, வேறு வழியில் அடையாளம் பார்த்துப் பணம் தர வேண்டும். இருபது நிமிடத்தில் ஒரு பக்கம். இரண்டு வருடத்தில் நான் எழுதி முடித்த முதல் பக்கம் அதுதான் என்று ராத்திரி படுக்கும்போதுதான் உறைத்தது.

எழுத வராமல் முடங்கிப்போகிற இந்த 'ரைட்டர்ஸ் பிளாக்'குக்கு ஆளாளுக்கு வைத்தியம் சொல்கிறார்கள். விடியற்காலையில் எழுந்திரு, நடைப்பயிற்சி போ, போனை அணைத்து வை. எல்லாமே 'நான், என் கதை' என்பதைச் சுற்றியே வருகிறது. எனக்கு வார்த்தை ஒன்றும் வற்றிப்போகவில்லை. இதைப் படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற கணக்குதான் கையைப் பிடித்து வைத்திருந்தது. மனுவில் அந்தக் கணக்குக்கு இடமே இல்லை. எழுதிக் கொடுத்தது யார் என்று எந்தத் தாசில்தார் கேட்கப் போகிறார்?

விமர்சகர் தி.க.சி.யை நினைத்துக்கொண்டேன். நெல்லை சுடலைமாடன் கோயில் தெருவில் உட்கார்ந்துகொண்டு, முகம் தெரியாத இளம் எழுத்தாளர்களுக்கெல்லாம் தபால் கார்டு போட்டவர். 2000-ல் அவருக்கு சாகித்திய அகாதமி விருது கிடைத்த புத்தகத்தின் பெயரே 'விமர்சனங்கள் மதிப்புரைகள் பேட்டிகள்'. பாதிக்கு மேல் அடுத்தவன் எழுத்தைப் பற்றிய அக்கறைதான் அந்தப் பெயரில் இருக்கிறது. நானோ ஒரு தம்பிக்கு இரண்டு வார்த்தை போட்டு ஏமாற்றியிருக்கிறேன்.

சரி என்று அவன் கதையைத் திறந்தேன். ராத்திரி விற்காமல் மிஞ்சிய இட்லியை அம்மா எண்ணுகிற இடம் ஒன்று வருகிறது. அபாரம். அதற்குப் பிறகு மூன்று பத்திக்கு அம்மாவின் துயரத்தை அவனே விளக்கிக்கொண்டிருந்தான். 'எண்ணுவதோடு நிறுத்து' என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். அனுப்பிவிட்டு என்னுடைய பதினான்கு கோப்புகளைத் திறந்தால், ஏதாவது எழுதியிருந்த அத்தனையிலும் எண்ணுவதற்கு முன்பே துயரம் ஆரம்பித்திருந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'எழுத வரும்' என்று கணக்குப் போட்டு உதவப் போனால் அது வேறு வியாபாரம். அப்புறம், முன்னுரை, வாழ்த்துரை, விழா என்று வருடம் முழுக்க அடுத்தவர்களுக்கே எழுதி, தன் கதையிலிருந்து தப்பித்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல மனுஷன் என்ற பெயர் மிஞ்சும், கதை மிஞ்சாது. எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது.

இப்போது ஒரு கதையில் பதினோரு பக்கம் வந்திருக்கிறது. முடியுமா தெரியாது. அது ஆச்சியைப் பற்றியது இல்லை. அப்படி எழுதினால் மனுவுக்குக் கூலி வாங்கின மாதிரி ஆகிவிடும். இங்கே இவ்வளவு சொன்னதுகூட ஆச்சியிடம் கேட்டுவிட்டுத்தான். "தாராளமா எழுது, கோரப்பிடி மட்டும் வேண்டாம்" என்றார்.

மனு கொடுத்த ஆறாவது வாரம் பணம் வந்தது. மனுவால்தானா என்று சொல்ல முடியாது. ஆனால் தெருவில் பேச்சு பரவிவிட்டது. நாளைக் காலையில் ஆச்சியின் மதினி வருகிறார், பட்டாவில் பெயர் தப்பாக இருக்கிறதாம். ஆதார் ஜெராக்ஸ் இரண்டு எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.