லியனார்டோ பிணம் திருடவில்லை

'திருச்சபை பிணம் அறுப்பதைத் தடைசெய்திருந்தது. அதனால்தான் லியனார்டோ டா வின்சி இரவில் கல்லறைகளைத் தோண்டினார்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கதை சுவையாக இருக்கிறது, ஆனால் கதைதான்.

எல்லோரும் ஆதாரமாகக் காட்டும் 1299 போப்பாண்டவர் ஆணை, தொலைவில் இறந்தவர்களின் உடலை வெட்டிக் கொதிக்கவைத்து எலும்பை மட்டும் ஊருக்கு அனுப்பும் வழக்கத்தைத்தான் கண்டித்தது. அதற்குப் பிறகு, 1315 வாக்கிலேயே, இத்தாலியின் போலோஞ்ஞா நகரில் மொந்தினோ என்ற மருத்துவப் பேராசிரியர், மாணவர்கள் முன்னிலையில் பிணத்தை அறுத்துப் பாடம் நடத்தினார்.

லியனார்டோவும் மருத்துவமனையில்தான் அறுத்தார். 1507-08 குளிர்காலம், ஃபிளாரன்ஸின் சாந்தா மரியா நுவோவா. நூறு வயதைத் தாண்டியதாகச் சொன்ன ஒரு கிழவர், பலவீனத்தைத் தவிர வேறு குறையில்லை என்று கட்டிலில் உட்கார்ந்து பேசியவர், சில மணி நேரத்தில் அமைதியாக இறந்தார். அத்தனை இனிய சாவு எப்படி வந்தது என்று பார்க்கவே அவரை அறுத்தார் லியனார்டோ. தோல் தடிக்கத் தடிக்கச் சுளை சுருங்கும் ஆரஞ்சைப் போல முதுமையில் இரத்தக் குழாய்கள் உள்ளே குறுகுகின்றன என்று குறிப்பெழுதினார். திருடனுக்கு இவ்வளவு நிதானம் ஏது?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: பிற்காலத்தில் ரோமில் அவருடைய ஆய்வு தடைப்பட்டது. கண்ணாடி செய்யும் ஜெர்மானியர் ஒருவர் போப்பிடம் கோள் மூட்டியதாக அவரே புலம்பியிருக்கிறார்.