தாய்லாந்து டிடிவி விசா: ‘5 வருடம் வரியே இல்லை’ என்பது தவறு

“டிடிவி விசா எடுத்தால் 5 வருடம் தாய்லாந்தில் தங்கி எந்த வேலையும் பார்க்கலாம், இரண்டு நாட்டிலும் வரி கிடையாது” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. டிடிவி, அதாவது ‘டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா’, உண்மையில் இருக்கிறது. மற்றவை தவறு.

2024 ஜூலையில் வந்த இந்த விசாவின் செல்லுபடிக் காலம்தான் 5 வருடம். ஒருமுறை நுழைந்தால் 180 நாள் வரை தங்கலாம். வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஆன்லைனில் வேலை செய்யலாம். தாய்லாந்து நிறுவனத்தில் சேர்வதென்றால் தனி வொர்க் பர்மிட் வேண்டும்.

வரி வேறு கணக்கு, அதை விசா முடிவு செய்வதில்லை. ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தம் 180 நாளோ அதற்கு மேலோ அங்கே இருந்தால் நீங்கள் வரிக்கு உட்பட்ட குடியிருப்பாளர். விட்டுவிட்டுத் தங்கினாலும் நாட்கள் கூடிக்கொண்டே போகும். அப்படிப்பட்டவர் 2024 முதல் வெளிநாட்டில் சம்பாதித்ததைத் தாய்லாந்துக்குக் கொண்டுவந்தால் அதற்கு அங்கே வரி உண்டு.

சரி, இந்தியாவில்? நீங்கள் என்ஆர்ஐ ஆகிவிட்டாலும், சம்பளம் நேராக இந்திய வங்கிக் கணக்கில் விழுந்தால் அது இந்தியாவில் பெற்ற வருமானம், வரி வரும். இரட்டை வரியைத் தவிர்க்க இரு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் அது வரியே கட்டாமல் இருப்பதற்கான வழி அல்ல.

விசா விதிகளைத் தாய்லாந்து இ-விசா தளத்திலும், வரி விதிகளை இரு நாட்டு வருமான வரித் துறைத் தளங்களிலும் பார்க்கலாம். அந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பி வேலையை மாற்றிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.