கடனை மறுசீரமைத்தால் வட்டி ரத்தாகுமா?

“தனிநபர் கடனை வங்கி மறுசீரமைத்தால் ஏறிய வட்டி ரத்து, அசல் மட்டும் கட்டினால் போதும்” என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது தவறு.

மறுசீரமைப்பு என்றால், கட்டச் சிரமப்படுபவருக்காகக் கடனின் நிபந்தனைகளை வங்கி மாற்றித் தருவது. அதில் பொதுவாக நீள்வது தவணைக் காலம்தான். கட்டாத வட்டி பெரும்பாலும் அசலோடு சேரும்; பிறகு அதற்கும் வட்டி ஓடும். வட்டி விகிதத்தையே வங்கி குறைப்பதும் உண்டு, ஆனால் அது எழுத்தில் இருக்க வேண்டும்.

ஒரு லட்சம் கடன், ஆண்டு வட்டி 12%. இதை 24 மாதத்தில் அடைத்தால் மொத்த வட்டி சுமார் 12,976. அதையே 48 மாதமாக நீட்டினால் மாதத் தவணை 4,707-இலிருந்து 2,633 ஆக இறங்கும். வட்டியோ 26,402 ஆகிவிடும். நெருக்கடியில் இருப்பவருக்கு அந்தக் குறைந்த தவணை பெரிய ஆறுதல்தான். வட்டி போய்விட்டது என்று நம்பிக் கையெழுத்திடுவதுதான் கவலை தருகிறது.

திருத்திய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள அசலைப் பழைய கணக்கு அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.