ஹூத்தோங் பார்க்கக் காலை ஏழு மணிக்குப் போங்கள்

பெய்ஜிங்கின் பழைய குறுகிய குடியிருப்புச் சந்துகள்தான் ஹூத்தோங். பெய்ஜிங் போகிறவர்கள் நான்லுவோகுஷியாங்கில் அரை மணி நேரம் நடந்துவிட்டு "ஹூத்தோங் பார்த்தாச்சு" என்று படம் போடுகிறார்கள். அது கடைத்தெரு. குடியிருப்பு வேண்டுமென்றால், காலை ஏழு மணிக்கே போய் அதன் இரு பக்கமும் கிழக்கு மேற்காகப் பிரியும் சந்துகளுக்குள் திரும்புங்கள். தோங்ஸி வட்டாரம் இன்னும் நல்லது.

அங்கே வாழ்க்கை ஏன் சந்திலேயே நடக்கிறது? நாலு பக்கமும் கட்டடம், நடுவே முற்றம் என்ற சிஹேயுவான் வீடு ஒரு குடும்பத்துக்காகக் கட்டியது. 1949க்குப் பிறகு பலவற்றில் பல குடும்பங்கள் குடியேறின. 1976 தாங்ஷான் நிலநடுக்கத்தின்போது முற்றங்களில் போட்ட தற்காலிகக் கொட்டகைகள் அப்படியே அடுப்படியாகவும் அறையாகவும் நிலைத்துவிட்டன. முற்றம் ஆள் நுழையும் வழியாகச் சுருங்கியது. அதனால் நாற்காலி, சதுரங்கப் பலகை, கீரை ஆய்வது எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. நீங்கள் நடப்பது அவர்கள் திண்ணையில். அதனால் வாசல் திறந்திருந்தாலும் உள்ளே போகாதீர்கள், கேட்காமல் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். வாசலைத் தாண்டியதும் குறுக்கே ஒரு சுவர் நிற்கும். தெருவில் போகிறவர் பார்வை வீட்டுக்குள் விழக்கூடாது என்பதும் அதன் வேலை.

பல வீடுகளில் இன்றும் தனிக் கழிப்பறை கிடையாது. அதனால் சந்துக்குச் சந்து பொதுக் கழிப்பறை உண்டு. குந்தி உட்காரும் வகைதான் அதிகம்; சிலவற்றில் தடுப்பு இடுப்பளவே, கதவு இருக்காது. டிஷ்யூ கையில் இருக்கட்டும்.

காலை உணவுக்குச் சூடான சோயாப்பாலும் யோதியாவ் என்ற நீளமாகப் பொரித்த மாவுப் பண்டமும் பிரச்சினையில்லாதவை. தோஜ் குடித்துப் பார்க்க நினைத்தால் ஒரே ஒரு கிண்ணம் வாங்குங்கள். பாசிப்பயறில் மாவுச்சத்து எடுத்தபின் மிஞ்சும் நீரைப் புளிக்கவைத்தது, சாம்பல் பச்சை நிறம். வளையமாகப் பொரித்த ஜியாவ்சுவானையும் உப்பு ஊறுகாயையும் கடித்துக்கொண்டு சூடாக உறிஞ்ச வேண்டும்; ஆறினால் புளித்த வாடை தூக்கலாகி வாயில் வைக்க முடியாது.

சின்னக் கடையிலும் கியூஆர் கோடுதான். அலிபே என்ற பணம் கட்டும் செயலியில் கார்டை ஊரிலேயே இணைத்துவிடுங்கள். அங்கே போய் இணைத்தால் வங்கியின் ஓடிபி ரோமிங் இல்லாத சிம்முக்கு வராது, கடைக்காரர் முன்னால் விழிக்க வேண்டியதுதான். கொஞ்சம் சில்லறை நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டின் உட்புறத்தை உறுத்தலில்லாமல் பார்க்க, ஷிஜியா ஹூத்தோங் 24ஆம் எண் வீட்டில் 2013இல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய அறைகளை அப்படியே அமைத்திருக்கிறார்கள்; புறா வாலில் கட்டும் விசில், தெரு வியாபாரி கூவல் என்று சந்தின் ஓசைகளைக் கேட்க ஒரு தனி அறையும் உண்டு. பாஸ்போர்ட்டைக் கொண்டுபோங்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும்.