ஓட வேண்டியவள் அவள்தானா?

கட்டுப்படுத்தும் கணவனிடமிருந்து தப்பி ஓடும் பெண்ணைப் பற்றிய ஆங்கில நாவல் ஒன்றை, ஏற்காட்டில் அத்தை வீட்டில் தங்கியிருந்தபோது படித்து முடித்தேன். காதலும் திகிலும் இருளும் கலந்த இந்த வகைக்கு இப்போது வாசகிகள் மிகுதி. தமிழிலும் ‘ஆன்டி ஹீரோ’ கதைகள், அதாவது வில்லத்தனமான நாயகனைக் கொண்ட கதைகள், என்ற பெயரில் செயலிகளில் அத்தியாயம் அத்தியாயமாக வந்துகொண்டிருக்கின்றன. நான் படித்த நாவலின் பெயரைச் சொல்லப் போவதில்லை, சொன்னால் அதன் முடிச்சுகளையெல்லாம் நானே அவிழ்த்ததாகிவிடும். ஆனால் அதன் முற்பாதி மிகச் சிறந்தது என்பதிலும், பிற்பாதி அந்த முற்பாதிக்கே துரோகம் செய்கிறது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

முற்பாதியில் கணவன் அவளை ஒருமுறைகூட அடிப்பதில்லை. மாலையில் வீடு திரும்பியதும் அவளுடைய கார் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று பார்க்கிறான். கடை ரசீதுகளைக் கூட்டிச் சரிபார்க்கிறான். தோழிகளை ஒவ்வொருவராகக் குறை சொல்லிச் சொல்லி, கடைசியில் அவளே அவர்களுடன் பேசுவதை நிறுத்திக்கொள்ளும்படி செய்துவிடுகிறான். வாங்கிய பொருளைக் கடையில் திருப்பிக் கொடுத்துப் பெறும் சிறு தொகைகளை அவள் மாவு டப்பாவில் ஒளித்துச் சேர்க்கிறாள். துப்பாக்கியும் துரத்தலும் இல்லாத இந்தப் பக்கங்களில்தான் எனக்கு நெஞ்சு படபடத்தது, ஏனென்றால் அந்தக் கணவரை நான் அறிவேன். சேலத்தில் அவர் கார் மீட்டரைப் பார்ப்பதில்லை, பேருந்து டிக்கெட்டைக் கேட்கிறார். மாதச் சம்பளம் வாங்கும் பெண்ணின் ஏ.டி.எம். அட்டை கணவரின் சட்டைப் பையில் இருப்பதும், பணம் எடுத்த குறுஞ்செய்தி அவருடைய கைப்பேசிக்கே போவதும் எங்கள் அஸ்தம்பட்டிப் பக்கத்தில் யாரும் வியந்து பேசும் செய்தியல்ல. ‘குடிக்கிறதில்லை, கை நீட்டறதில்லை, அப்புறம் உனக்கு என்னம்மா குறை?’ என்று பெற்றவர்களே கேட்பார்கள்.

வெளியேறும் நேரம்தான் மிக ஆபத்தானது என்பதையும் நாவல் சரியாகவே பிடித்திருக்கிறது. கணவராலோ காதலராலோ கொல்லப்பட்ட பெண்களைப் பற்றி அமெரிக்காவின் 11 நகரங்களில் ஜாக்குலின் கேம்ப்பெல் குழுவினர் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வு, மிகவும் கட்டுப்படுத்தும் ஆணோடு வாழ்ந்து பிரியும் பெண்ணுக்குக் கொலையாகும் அபாயம் ஏறத்தாழ 9 மடங்கு என்று கண்டது. ஆகவே, நாயகி மாதக்கணக்கில் வாய் திறக்காமல் திட்டமிடுவதைக் கோழைத்தனம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பிற்பாதியில் ஒரு மலையூருக்குத் தப்பி வரும் அவளுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு முன்னாள் ராணுவ வீரன் கிடைக்கிறான். அவளைக் கேட்காமலேயே அவள் வாசலில் கேமரா பொருத்துகிறான், காவல்துறை நண்பனைக் கொண்டு அவளுடைய உண்மைப் பெயரைத் தெரிந்துகொள்கிறான், எங்கே போனாள் என்று ஊரில் விசாரிக்கிறான். முதலாமவன் செய்தபோது நம்மை நடுங்க வைத்த அதே செயல்களை இவன் செய்யும்போது அக்கறை என்று எண்ணி உருகச் சொல்கிறது நாவல். பல வாசகிகள் உருகவும் செய்கிறார்கள். இதற்காக இத்தகைய கதைகளைப் பெண்கள் படிக்கவே கூடாது என்று உபதேசிக்கும் கனவான்களை நான் ஆதரிக்கவில்லை. ஒருத்தி எதைப் படிக்கலாம் என்று அவர்கள் தீர்மானிப்பதும் அந்தக் கார் மீட்டரைப் பார்க்கும் வேலைதான். என் குறை எழுத்தாளரிடம் மட்டுமே. அந்தக் கேமராவை அவள் கழற்றச் சொல்லி, அவன் மறுபேச்சில்லாமல் கழற்றும் ஒரு காட்சி இருந்திருந்தால் நான் இந்தக் காதலை நம்பியிருப்பேன்.

படித்துக்கொண்டிருந்தபோதே, இந்தப் பெண் ஏற்காட்டு எஸ்டேட் வீடு ஒன்றிலிருந்து தப்ப வேண்டியிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதை ஒன்று, குப்பனூர் வழி ஒன்று. எதில் இறங்கினாலும், இவள் யார் வீட்டு மருமகள் என்று நடத்துநருக்குத் தெரியும். பேருந்து அடிவாரத்தைத் தொடும் முன்பே யாராவது ஒரு சித்தப்பா கணவருக்குத் தொலைபேசியில் சொல்லியிருப்பார். நாவலில் அவள் பெயரை மாற்றிக்கொண்டு மாநிலம் விட்டு மாநிலம் போய்விடுகிறாள். இங்கே தனியாக வாடகை வீடு கேட்கும் பெண்ணிடம், எந்த ஊர், யார் வகையறா, வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டு முடித்த பிறகுதான் முன்பணத் தொகையையே சொல்வார்கள். கணவன் யாரையும் வேவு பார்க்க அமர்த்த வேண்டியதில்லை, சொந்தபந்தமே அந்த வேலையைச் சம்பளமில்லாமல் பார்த்துவிடும்.

அதனால்தான், ஓட வேண்டியவள் அவள்தான் என்று இந்த வகைக் கதைகள் எல்லாமே முதல் வரியிலேயே முடிவு செய்துவிடுவது எனக்கு உறுத்துகிறது. நம் நாட்டில் 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அப்படி முடிவு செய்யவில்லை. அடி உதையோடு, இழிவாகப் பேசுவதையும் பணத்தை முடக்குவதையும் அதன் 3-ஆம் பிரிவு வன்முறை என்றே சொல்கிறது. வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமையை 17-ஆம் பிரிவு அவளுக்குத் தருகிறது. 19-ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவர் அந்த ஆணையே வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லி உத்தரவிடலாம். மனுவை 60 நாள்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நீதிமன்றங்களில் அது இழுத்துக்கொண்டே போவதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் இந்தச் சட்டத்தின்கீழ் உதவ அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலரையும் பெண்களுக்கான 181 என்ற உதவி எண்ணையும் அறியாமல், ஓடுவது ஒன்றே வழி என்று எண்ணியிருக்கும் பெண்களை எனக்குத் தெரியும்.

அதே 19-ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கும் உண்டு. வெளியேற்றும் உத்தரவை எந்தப் பெண்ணுக்கு எதிராகவும் பிறப்பிக்க முடியாது. அதாவது, கணவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி அறை எடுத்துத் தங்கியிருப்பான், மருமகளும் மாமியாரும் அதே சமையலறையில் பேச்சில்லாமல் ஒரே அடுப்பைப் பங்கிட்டுக்கொள்வார்கள், யார் யாருக்கு எதைச் சொல்லி அனுப்புகிறார்கள் என்று தெரியாமல் ஒவ்வோர் இரவும் நகரும். துரத்தல் இல்லாத திகிலுக்கு இதைவிட வேறென்ன களம் வேண்டும்? சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையிலோ அம்மாப்பேட்டையிலோ நடப்பதாக அப்படியொரு நாவலைத் தமிழில் யாராவது எழுதினால் முதல் பிரதியை நான் வாங்கிக்கொள்கிறேன். ஏற்கெனவே வந்திருந்தால் அதன் பெயரைச் சொல்லுங்கள்.