பென்ஷன் வாங்கும் ஆசிரியர் ஊராட்சித் தேர்தலில் நிற்கலாம்

ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர் பென்ஷன் வாங்குவதால் ஊராட்சி மன்றத் தலைவர் பதவிக்குப் போட்டியிட முடியாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்லெண்ணத்தில் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அது சரியல்ல, தாராளமாக நிற்கலாம்.

தடை இருப்பது பணியில் உள்ள அரசு ஊழியர்களுக்கு. ஓய்வு பெற்ற மறுநாள் அவர் அரசு ஊழியர் இல்லை. பென்ஷன் என்பது செய்து முடித்த வேலைக்கு வருவது. அது ஒரு பதவி ஆகாது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பியதில்தான் இப்படி ஒரு பேச்சு கிளம்பியிருக்க வேண்டும்.

நம்பிக்கை வராவிட்டால் நீங்களே பாருங்கள். 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் 37ஆவது பிரிவு, யார் யார் போட்டியிடக் கூடாது என்று சொல்கிறது. சட்டங்களை வெளியிடும் அரசு இணையதளமான இந்தியா கோட் (India Code) தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஓய்வூதியர் என்று அதில் எங்கும் தேடினாலும் கிடைக்காது. அப்புறம், உங்கள் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

எங்கள் ஊரில் ஒரு வாத்தியார் இருக்கிறார். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, முதியோர் உதவித்தொகை கேட்க என்று இன்றைக்கும் திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறார். மைப்பேனா, மடியில் ஒரு பழைய அட்டை, அவ்வளவுதான். "சட்டம் விடாதாமே" என்று அவரைப் போன்றவர்கள் ஒதுங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நிற்க முடியாது என்ற அந்தத் தவறான செய்தியைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.